மதலை அழும் வரை

நான் முதன்முதலாக ஆசிரியையாகச் சேர்ந்த செவிலியர் பள்ளி, செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றில் நடந்து வந்தது. முகப்பைத் தாண்டி உள்ளே போனால் இடதுகைப் பக்க அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதற்குள் டம்மி என்று நாங்கள் சொல்லும், முழு ஆள் அளவிலான ஒரு பயிற்சிப் பொம்மை, வாங்கிய அன்று சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் படுத்திருந்தது. சாவி அலுவலகத்தில் இருந்தது. ஆய்வுக் குழு வருகிற நாளில் உறையைக் கழற்றி, கட்டிலில் கிடத்தி, போர்வை போர்த்தி வைப்பார்கள். குழு போன பிறகு அது மறுபடியும் உறைக்குள் போய்விடும். மாணவிகள் தொட்டால் கெட்டுவிடும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தப் பள்ளியில் நான் இருந்த காலம் முழுவதும் ஒரு மாணவிகூட அந்த டம்மியின் கையைப் பிடித்து நாடி பார்த்ததில்லை.

அந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நான் மாணவியாக இருந்தபோது பார்த்த ஓர் இரவுப் பணி நினைவுக்கு வரும். பிரசவ அறையில் எனக்கு அது மூன்றாவது இரவு. பிறந்த குழந்தை அழவில்லை. ஸ்டாஃப் நர்ஸ் தாயைக் கவனித்துக்கொண்டே, "பேக்கை எடு, மாஸ்க்கை வை" என்றார். பிறந்த குழந்தைக்கு மூச்சுக் கொடுப்பது எப்படி என்ற கேள்விக்கு அதற்கு முந்தைய மாதத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் அன்று மாஸ்க்கின் குறுகிய முனை மூக்குப் பக்கம் வர வேண்டும் என்பது என் கைக்குத் தெரியவில்லை. தலைகீழாக வைத்து, காற்று பக்கவாட்டில் ஒழுகுவதைக்கூட உணராமல் பையை அமுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுத் தானே வாங்கிச் சரியாக வைத்தார். குழந்தை அழுதது. அதன்பிறகு அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஏசவுமில்லை, சொல்லித்தரவுமில்லை. அந்த மௌனத்தை விட ஏச்சு எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

சிமுலேஷன் என்று பாடத்திட்டத்தில் குறிக்கப்படும் பாவனைப் பயிற்சியைப் பற்றி நான் எழுதுவதற்கு அந்த இரவுதான் தொடக்கம். நோயாளியின் உடலில் செய்வதற்கு முன்னால் அதே சூழலை உண்டாக்கி, அதே அவசரத்தோடும் அதே கருவிகளோடும் செய்து பார்த்து, பிறகு உட்கார்ந்து என்ன நடந்தது என்று பேசுவதே பாவனைப் பயிற்சி. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட செவிலியர் நிலை அறிக்கை, உலகத்தில் 59 லட்சம் செவிலியர்கள் குறைவாக இருப்பதாகவும், அந்தப் பற்றாக்குறையில் 89 விழுக்காடு குறைந்த வருமான நாடுகளிலும் கீழ்நடுத்தர வருமான நாடுகளிலும் இருப்பதாகவும் கணக்கிட்டது. இவ்வளவு பேரை விரைந்து உருவாக்க வேண்டிய நாடுகளில்தான் கற்றுக்கொடுக்க ஆளும் இடமும் கருவியும் குறைவாக இருக்கின்றன.

நம் பக்கத்தில் அது எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்கிறேன். ஒரே அரசு மருத்துவமனைக்குப் பல பள்ளிகளிலிருந்து மாணவிகள் வருகிறார்கள். ஒரு கட்டிலைச் சுற்றி இருபது தலைகள் நிற்கும். முன்வரிசையில் நிற்பவள் பார்க்கிறாள், இரண்டாம் வரிசைக்காரி எட்டிப் பார்க்கிறாள், மூன்றாம் வரிசைக்காரி முன்னால் நிற்பவளின் முதுகைப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் 'கண்டேன்' என்று எழுதுகிறாள். கட்டிலில் இருப்பவரோ கல்லலிலிருந்தோ சாக்கோட்டையிலிருந்தோ காலையில் பேருந்தேறி வந்த ஏழைப் பெண். காசு உள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுகிறார். அங்கே நரம்பில் செருகும் ஊசிக்குழாயான கேனுலாவை மாணவி தொட விடமாட்டார்கள். ஆக, கற்றுக்கொள்கிற ஒவ்வொரு கையின் முதல் தவறும் ஏழையின் நரம்பில்தான் விழுகிறது. இதை நான் மிகவும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். புரிந்த பிறகு, டம்மி இல்லை, வசதி இல்லை என்று சொல்லிக் கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை.

இப்போது நான் பணிபுரியும் இடத்தில் எங்களிடம் இருந்தது ஒரு தையற்காரரின் பழக்கமும், மாணவி ஒருத்தியின் அப்பத்தா கொடுத்த பழைய கண்டாங்கிச் சேலையும்தான். பல ஆண்டுகள் துவைத்துத் துவைத்து அந்தச் சேலை பச்சைக் குழந்தையின் தோல் போல மிருதுவாகியிருந்தது. அதை வெட்டி ஒரு குழந்தையைத் தைத்தோம். கழுத்து தொங்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். தலையைத் தாங்கிப் பிடிக்கத் தெரியாத கையை அதுதான் உடனே காட்டிக்கொடுக்கும். கைகால்களுக்குத் துணிக்குள் மணல் பொட்டலம். வயிற்றுக்குள், மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பர் வெந்நீர்ப் பையில் இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான நீர். தூக்கினால் கனம் இருக்கும், சூடு இருக்கும், துவண்டு கிடக்கும். முதல் நாள் அதை வாங்கிய மாணவி ஒன்றும் பேசாமல் தானாகவே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து வரும் இன்னொருத்தி அதை 'மதலை' என்று அழைக்கத் தொடங்கினாள். எங்கள் சிவகங்கைச் சீமையில், மண்குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துப் போகும் புரவி எடுப்புத் திருவிழாவின்போது பிள்ளை வரம் கிடைத்தவர்கள் ஐயனாருக்கு எடுத்துப் போகும் மண் குழந்தைக்கு அதுதான் பெயர். அந்தப் பெயர் எங்கள் துணிக் குழந்தைக்கும் நிலைத்துவிட்டது.

துணியால் செய்த குழந்தையை வைத்துப் பிரசவம் கற்றுக்கொடுப்பது ஏதோ நாங்கள் கண்டுபிடித்த ஏழை வழி என்று நினைத்துச் சற்றுக் கூச்சப்பட்டிருக்கிறேன். பிறகுதான் ஆஞ்செலிக் து கூத்ரே என்ற பிரெஞ்சு மருத்துவச்சியைப் பற்றிப் படித்தேன். 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவரை நாடெங்கும் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கப் பணித்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக அவர் துணி, தோல், பஞ்சு கொண்டு இடுப்பும் கர்ப்பப்பையும் குழந்தையும் அமைந்த ஓர் உருவத்தைச் செய்து, ஊர் ஊராகக் கொண்டு போனார். அவர் கையால் பயின்றவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அந்த உருவங்களில் ஒன்று இன்றும் ரூவான் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1911-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைப் பயிற்சிப் பள்ளிக்காகச் செய்யப்பட்ட 'மிசஸ் சேஸ்' என்ற முழு அளவு உருவத்தைச் செய்து கொடுத்த மார்த்தா சேஸ், துணிப் பொம்மைகள் செய்து விற்றவர். 1960-இல் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து உயிர்ப்பிக்கும் பயிற்சிக்கான உருவத்தைக் கொண்டுவந்த நார்வேக்காரர் ஓஸ்மண்ட் லேர்டலும் பொம்மை வணிகர்தான். நீரில் மூழ்கப்போன தன் சிறு மகனைத் தூக்கிக் காப்பாற்றியவர். இந்தக் கலை துணியிலும் பொம்மைக் கடையிலும்தான் பிறந்திருக்கிறது. அதைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியவர்கள் பிறகு வந்தவர்கள்.

ஆனாலும் துணியால் ஆகாத இடம் ஒன்று உண்டு. உலர்த்துவது, முதுகைத் தேய்த்துத் தூண்டுவது, சூடு போகாமல் தாயின் மார்பில் கிடத்துவது, தொப்புள்கொடி கட்டுவது ஆகியவற்றுக்கு எங்கள் மதலை போதும். பையும் மாஸ்க்கும் கொண்டு மூச்சுக் கொடுப்பதற்குப் போதாது. மாஸ்க் முகத்தில் பொருந்தினால் மார்பு எழ வேண்டும், பொருந்தாவிட்டால் எழக்கூடாது. அந்தப் பதில் உடனே கண்ணுக்குத் தெரியாவிட்டால் மாணவி தவறான அழுத்தத்தையே கைப்பழக்கமாக்கிக்கொள்வாள். நான் அன்று செய்த தவறு அதுதான். ஆகவே, குறைந்த வருமான நாடுகளை மனத்தில் கொண்டு லாப நோக்கில்லாமல் விற்கப்படும் 'நியோநாத்தலி' என்ற குழந்தையை ஒன்று வாங்கினோம். தண்ணீர் ஊற்றி நிரப்பினால் எடை வரும், காலியாக்கினால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு சிறு பந்தை அமுக்கினால் மார்பு எழும், இன்னொன்றை அமுக்கினால் தொப்புள்கொடி துடிக்கும். எங்கே செலவு செய்ய வேண்டும், எங்கே பழைய சேலையே போதும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு முதல் வேலை என்று நினைக்கிறேன்.

அந்தக் கருவி, அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2010-இல் தொடங்கிய 'ஹெல்ப்பிங் பேபீஸ் பிரீத்' என்ற பயிற்சித் திட்டத்தோடு சேர்ந்து வந்தது. பிறந்த முதல் அறுபது நொடிகளைப் 'பொன் நிமிடம்' என்று அது அழைக்கிறது. அந்த நிமிடத்துக்குள் அழாத குழந்தையை உலர்த்தி, தூண்டி, தேவையானால் மூச்சுக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். தான்சானியாவில் எட்டு மருத்துவமனைகளில் இந்தப் பயிற்சி அறிமுகமான பிறகு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் நிகழும் குழந்தை இறப்பு 47 விழுக்காடு குறைந்ததாக 2013-இல் ஆய்வு வெளியானது. அதைப் படித்தவுடன் ஒரு நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. என் எண்ணத்தை மாற்றியது அதே தான்சானியாவில் ஹைடம் என்னும் தொலைதூரக் கிராமப்புற மருத்துவமனையிலிருந்து அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு. அங்கே ஒரு நாள் பயிற்சிக்கு ஏழு மாதங்கள் கழித்துப் பணியாளர்களைச் சோதித்தார்கள். பொம்மையின் மீது அவர்கள் செய்த வேலை நன்றாக மேம்பட்டிருந்தது. பிரசவ அறையில் உண்மைக் குழந்தைக்குச் செய்ததில் மாற்றமே இல்லை.

இந்த முடிவை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அறிவு வந்துவிட்டது, கையும் ஒரு நாள் பழகிவிட்டது, ஆனால் அது அறையின் கதவைத் தாண்டி வார்டுக்குள் போகவில்லை. ஹைடத்தில் இருந்தவர்கள் அதோடு விட்டுவிடவில்லை. பயிலரங்கை விட்டுவிட்டு, பொம்மையைப் பிரசவ அறைக்கே கொண்டு போனார்கள். வாரத்துக்கு ஒருமுறை மூன்று முதல் ஐந்து நிமிடம், மாதத்துக்கு ஒருமுறை நாற்பது நிமிடம், பணி நேரத்திலேயே, பணியிடத்திலேயே பயிற்சி. அதன்பிறகு அந்த மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு 11.1-இலிருந்து 7.2-ஆகக் குறைந்தது என்று 2015-இல் எழுதினார்கள். பொம்மையை எடுத்துக் கை படும் இடத்தில் வைத்தார்கள். காரைக்குடியில் கண்ணாடி அலமாரியைப் பார்த்து நின்ற எனக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைத்திருக்க முடியாது. நம் நாட்டிலும் பீகாரில், செவிலிய வழிகாட்டிகள் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கே போய் அங்குள்ள செவிலியர்களுடன் பாவனைப் பயிற்சி நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தியது மருத்துவமனைக் கால்சட்டை ஒன்றைத் தைத்து மாற்றிய உடை. ஒருவர் அதை அணிந்து தாயாக நடிப்பார்; குழந்தையும் ரத்தப் பையும் அதற்குள் இருக்கும். கட்டிலில் இருக்கும் தாய் வலியில் கத்துவாள், கையைப் பிடிப்பாள், கேள்வி கேட்பாள்.

எங்கள் தையற்காரர் அப்படி ஒன்றை இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தார். ரத்தத்துக்கு ஜவ்வரிசிக் கஞ்சியில் சிவப்புச் சாயம் கலந்தோம். வெறும் சாயத் தண்ணீர் ஓடிவிடும், கஞ்சி சேலையில் தங்கிக் கட்டிகட்டியாக நிற்கும். முதல் பயிற்சிக்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, மாணவிகளுக்குத் தெரியாமல் அளந்து ஒரு லிட்டர் கஞ்சியை அதன்மேலும் அக்கம்பக்கமும் கொட்டிவிட்டு, எவ்வளவு இருக்கும் என்று சீட்டில் எழுதச் சொன்னேன். பெரும்பாலானோர் எழுதியது முந்நூறு, நானூறு. இறுதியாண்டுக்காரி ஒருத்தி மட்டும் அறுநூறு என்றாள். பிரசவத்துக்குப் பின் 500 மில்லிலிட்டரைத் தாண்டினால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 500 எப்படி இருக்கும் என்று அவர்களின் கண்ணுக்குத் தெரியாது. கண்ணால் மதிப்பிடுகிறபோது அதிக ரத்தம் பெரும்பாலும் குறைவாகவே தெரிகிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வில், அளவுக்கோடு போட்ட விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்து, அளவு தாண்டியதும் சிகிச்சைகளையெல்லாம் ஒருசேரத் தொடங்கியபோது கடுமையான ரத்தப்போக்கு 60 விழுக்காடு குறைந்திருக்கிறது. அந்த விரிப்பு எங்கள் கைக்கு வருகிறவரை, நனைந்த துணியை எடை போட்டுக் காய்ந்த துணியின் எடையைக் கழிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

அந்த ரத்தப்போக்குப் பயிற்சியில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். தாயாக நடித்தவளின் கீழே கஞ்சி கொட்டிக்கொண்டிருந்தது. பொறுப்பிலிருந்த மாணவி வயிற்றைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள், நாடி பார்த்தாள், எல்லாம் சரி. ஆனால் கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் மருந்து இருந்த டிரேயின் பக்கம் கையே போகவில்லை. நான்கு நிமிடங்கள் ஆயின. பயிற்சி முடிந்து வட்டமாக உட்கார்ந்தோம். அவள் எழுந்து நின்று, "சாரி மேடம்" என்றாள். எங்கள் வகுப்பில் பயிற்சிக்குப் பின்வரும் பேச்சில் முதல் பத்து நிமிடம் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. எழுந்து நிற்பதற்கும் இடமில்லை. உட்காரச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் உன் மனத்தில் என்ன ஓடியது என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை, அந்த அமைதியைக் கலைக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. பிறகு சொன்னாள்: "மருந்து எடுக்கணும்னு தெரியும் மேடம். சீனியர் சிஸ்டர் சொல்லாம நானா எப்படி எடுக்கிறது?"

அவளுக்கு மருந்தும் அளவும் தெரிந்திருந்தன. வாயைத் திறக்க உரிமை உண்டு என்பது மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் மூன்று ஆண்டுகளில் யாரும் அவளுக்கு அதைக் கொடுத்ததில்லை. எழுத்துத் தேர்வில் இந்தக் குறை ஒருநாளும் வெளியே வந்திருக்காது. அதிலிருந்து எங்கள் பயிற்சியில் கையோடு வாயையும் பழக்குகிறோம். "சிஸ்டர், ரத்தம் நிற்கலை, ஐந்நூறைத் தாண்டிடுச்சு, ஆக்சிடோசின் எடுக்கவா, டாக்டரைக் கூப்பிடுறேன்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொல்லப்பட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மருந்தை எடுக்க வேண்டும். இதைத் தமிழில்தான் செய்கிறோம். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கட்டும்; நள்ளிரவில் பதறுகிற பெண் எந்த மொழியில் கத்துவாளோ அந்த மொழியில்தான் பழக வேண்டும்.

நோயாளியாக நடிக்க உயிருள்ள மனிதரைப் பயிற்றுவிப்பது 1963-இல் கலிஃபோர்னியாவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிய முறை. எங்களுக்கு அப்படிக் கிடைத்தவர் பக்கத்துத் தெருவில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சி. பிள்ளைகள் வெளிநாட்டில். கேட்டதும், "பொழுது போகலை, வர்றேன்" என்றார். சர்க்கரை நோயாளியாகவும், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருப்பவராகவும் அவர் நடித்தார். அவர் நடிப்பில் எனக்குப் பிடித்தது, நாங்கள் எழுதிக்கொடுத்ததைத் தாண்டிப் போவதுதான். கழிவறைக்குப் போக வேண்டும் என்பார், மருமகளைப் பற்றி அழுவார், இந்த மாத்திரையை ஏற்கெனவே காலையில் போட்டாயிற்று என்பார். ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் ஊசி போட்ட மாணவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "ஏன் ஆத்தா, கையை நல்லாத்தான் பிடிச்ச. ஊசி போடப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்ல?" நான் இருபது முறை சொன்னதை அவர் ஒரே முறையில் சொல்லி முடித்தார். அந்த மாணவி அதன்பிறகு மதலையிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறாள்.

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கு உள்ள அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் பத்து செவிலியர் கல்லூரிகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை நல்ல பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்தாலும் மாணவர்களின் திறன் குறையவில்லை என்று கண்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் முறையான பின்னாய்வுப் பேச்சும் இருந்த இடங்களில் கண்ட முடிவு அது. இந்தியச் செவிலியர் குழுமம் 2021-இல் கொண்டுவந்த பருவமுறைப் பாடத்திட்டத்தில் பாவனைப் பயிற்சிக்கு இடம் கொடுத்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அனுப்ப மருத்துவமனையே இல்லாத பள்ளிகள் அந்த இடத்தை ஒரு மறைப்பாகப் பயன்படுத்திக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. வார்டில் நிற்க வேண்டிய நேரத்தை டம்மி அறையில் கழித்ததாக எழுதிக்கொண்டு, அந்த அறையையும் பூட்டியே வைத்திருந்தால், மாணவிக்கு இரண்டும் இல்லாமல் போகும். ஆசிரியர்களின் நேரமும் இன்னொரு தடை. அறுபது பேர் உள்ள வகுப்பை ஆறு ஆறாகப் பிரித்தால் ஒரே பயிற்சியை நான் பத்து முறை நடத்த வேண்டும். அந்த நேரம் எந்த அட்டவணையிலும் இல்லை. மாலையிலும் சனிக்கிழமையிலும்தான் அதைக் கண்டெடுக்கிறோம்.

ஹைடத்துப் பாடம் என் மனத்தை விடவில்லை என்பதால், எங்கள் மாணவிகள் பணிக்குப் போகும் மருத்துவமனை ஒன்றின் பிரசவ அறைப் பொறுப்புச் செவிலியரிடம் போய்ப் பேசினேன். இடம் கேட்கவில்லை, நேரமும் அதிகம் கேட்கவில்லை. இரவுப் பணிக்கு வருபவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்ததும் மூன்று நிமிடம், புதன்கிழமைகளில் மட்டும். அவர் முதலில் தயங்கினார், யாராவது நோயாளியின் வீட்டார் பார்த்தால் பொம்மை விளையாட்டு என்று நினைப்பார்களே என்றார். நினைத்தால் கூப்பிட்டு அவர்களுக்கும் காட்டுவோம் என்றேன். சென்ற புதன்கிழமை நான்காவது வாரம். குழந்தைகளுக்கான மேசையின் ஓரத்தில் பொம்மையை வைத்தோம். பணிக்கு வந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், எங்கள் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, நான். பொறுப்புச் செவிலியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். மாணவி துணியால் துடைத்தாள், ஈரத்துணியை எறிந்தாள், முதுகைத் தேய்த்தாள், அழுகை இல்லை. மாஸ்க்கை எடுத்தவள் ஒரு கணம் நிறுத்தி, குறுகிய முனையை விரலால் தொட்டுப் பார்த்து, மூக்குப் பக்கம் திருப்பி வைத்தாள். "அமுக்கு, ரெண்டு, மூணு. அமுக்கு, ரெண்டு, மூணு." மார்பு எழுந்தது. "நாற்பத்தெட்டு செகண்டு" என்றார் பொறுப்புச் செவிலியர். பிறகு கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பொம்மையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.